ஷார்ட்ஸ்டாப்பில் நின்ற வருஷங்கள்

பேஸ்பால் ஆடினேன் என்று சொன்னால் எங்கள் பக்கத்தில் இன்றைக்கும் பாதிப்பேர் பாஸ்கெட்பால் என்றுதான் காதில் வாங்கிக்கொள்கிறார்கள். இவ்வளவு குள்ளமான ஆள் அதை எப்படி ஆடினான் என்று ஏற இறங்கப் பார்க்கிறார்கள். ஆரம்பத்தில் திருத்திச் சொல்வேன். அப்புறம் விட்டுவிட்டேன். பெண் பார்க்கப் போன வீட்டில்கூட பாஸ்கெட்பால் என்றே இருக்கட்டும் என்று பேசாமல் இருந்தோம். கல்யாணமாகிக் கொஞ்ச நாள் கழித்துத்தான் அது வேறு ஆட்டம் என்று என் மனைவிக்கே தெரிந்தது.

எங்கள் ஊர் உத்தமபாளையத்துக்கும் கம்பத்துக்கும் நடுவில் இருக்கிறது. நாங்கள் வேதக்காரர்கள். மாதா கோயில் மணி அடித்தால் ஊரில் பாதி வீடு முழிக்கும். அப்பா திராட்சைத் தோட்டத்தில் கூலி வேலை பார்த்தார். கவாத்து வெட்டுவது, கொடியை இழுத்துப் பந்தல் கம்பியில் கட்டுவது, கொத்து அறுப்பது எல்லாமே அண்ணாந்து நின்று, கையைத் தலைக்கு மேலே தூக்கிச் செய்கிற வேலை. இதை நான் செய்யக் கூடாது என்பது மட்டும்தான் என்னைப் பற்றி அவருக்கு இருந்த ஒரே யோசனை.

ஒன்பதாம் வகுப்பில் எங்கள் பி.டி. சார் ஒரு சாக்கை கிரவுண்டில் கொட்டினார். நாலைந்து கிளவுஸ், இரண்டு பேட், தையல் விட்ட பந்துகள், ஒரு முகமூடி. அவரே அந்த ஆட்டத்தை ஒரு விடுமுறைப் பயிற்சியில்தான் படித்துக்கொண்டு வந்திருந்தார். ஏன் இந்த ஆட்டம் என்பதையும் ஒளிக்காமல் சொன்னார். கபடிக்கும் வாலிபாலுக்கும் ஊருக்கு ஊர் டீம் இருக்கிறது, மோதி மேலே வர முடியாது. இதற்கு மாவட்டத்திலேயே ஆள் கிடையாது, ஒழுங்காகப் பந்து பிடிக்கத் தெரிந்தாலே மாநில அளவுக்குப் போய்விடலாம். சர்டிபிகேட் கிடைத்தால் காலேஜில் சீட்டு, அதற்கப்புறம் ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் வேலை.

"ஆள் இல்லாத ஆட்டம்டா. நமக்கு அதுதான் நல்லது" என்றார்.

அவர் நல்லதை நினைத்துத்தான் சொன்னார். ஆள் இல்லாத ஆட்டம் கடைசியில் ஆடுகிறவனை எங்கே கொண்டுபோய் விடும் என்று அவருக்கும் தெரிந்திருக்க நியாயமில்லை. நாங்கள் பத்தாவது முடிப்பதற்குள் அவர் மாற்றலாகிப் போய்விட்டார்.

தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். மைதானத்தில் சாய்சதுரமாக நாலு முனை இருக்கும். ஒவ்வொன்றும் ஒரு பேஸ். பந்தை அடித்தவன் முதல் பேஸுக்கு ஓட வேண்டும். அவன் போய்ச் சேருவதற்குள் பந்து அங்கே போய்விட்டால் அவன் அவுட். நாலு பேஸையும் சுற்றி வந்துவிட்டால் ஒரு ரன். நான் நின்றது இரண்டாவது பேஸுக்கும் மூன்றாவது பேஸுக்கும் நடுவில். ஷார்ட்ஸ்டாப் என்று பெயர். தரையோடு சீறி வருகிற பந்துகள் அதிகமும் அங்கேதான் வரும். அங்கிருந்து முதல் பேஸ் நல்ல தூரம். குனியத் தெரிய வேண்டும், கை சுருக்காக இருக்க வேண்டும், எல்லாவற்றுக்கும் மேலே தோளில் பலம் வேண்டும்.

அந்தப் பலம் எனக்கு இருந்தது. யாரும் சொல்லிக்கொடுத்து வந்ததில்லை. எங்கள் பள்ளிக்கூட கிரவுண்ட் வெறும் சரளை. பந்து எப்போது எகிறும், எந்தப் பக்கம் திரும்பும் என்று சொல்ல முடியாது. உதடு கிழிந்திருக்கிறது, பல் ஆடியிருக்கிறது. ஆனி ஆடியில் குமுளிப் பக்கமிருந்து அடிக்கிற காற்றில் மேலே போன பந்து எங்கே இறங்கும் என்று யாருக்கும் தெரியாது. அதிலேயே பழகிய எனக்கு, முதல் தடவை சென்னையில் புல் தரையில் ஆடியபோது பந்து என் சொல்பேச்சைக் கேட்டு வருவது மாதிரி இருந்தது.

இரண்டாவது பேஸில் நின்றவன் உத்தமபாளையத்துக்காரன். அவனுடைய அப்பா, அவர்கள் வீட்டுப் பேச்சில் அத்தா, அங்கே பஜாரில் பலசரக்குக் கடை வைத்திருந்தார். அவனும் நானும் ஒரே வகுப்பு, பிறகு ஒரே காலேஜ். ஒரே அடியில் இரண்டு பேரை அவுட் ஆக்குவதற்கு டபுள் பிளே என்று பெயர். பந்து எனக்கு வரும். நான் அதை எடுத்து அவனைப் பார்க்காமலேயே இரண்டாவது பேஸ் மேலே போடுவேன். அவன் ஓடிவந்து பேஸை மிதித்துக்கொண்டே வாங்கி, முதல் பேஸிலிருந்து ஓடி வருகிறவனை அவுட் ஆக்கிவிட்டு, அந்தரத்தில் திரும்பி முதல் பேஸுக்கு எறிவான். இதை வருஷக்கணக்காக ஆடி ஆடி, எங்களுக்குள் பேச்சே தேவையில்லாமல் போயிற்று. ஒருமுறை பல்கலைக்கழக டீமில் அவனைத் தூக்கி வேறு இடத்தில் போட்டார்கள். அவன் கோச்சிடம் போய், "சார், இவன் குடுக்கற பந்தை என்னைத் தவிர ஒருத்தனும் வாங்க முடியாது" என்று சொல்லித் திரும்ப அந்த இடத்துக்கே வந்துவிட்டான். அவன் பெருமையடிக்கிற ஆள் இல்லை.

அப்பா என் ஆட்டத்தைப் பார்த்தது ஒரே தடவைதான். தேனியில் நடந்த மேட்ச். தோட்டத்துக்கு லீவு சொல்லிவிட்டு, வெள்ளை வேட்டி கட்டி, கிரவுண்டு ஓரத்தில் வேப்பமர நிழலில் உட்கார்ந்திருந்தார். பார்க்க வந்தவர் என்று பார்த்தால் அவர் ஒருத்தர்தான். அன்றைக்கென்று பார்த்து எங்கள் பந்து வீசுகிறவன் பிரமாதமாக வீசினான். எதிர் டீமில் பந்தைத் தொட்டவர்களே கொஞ்சம் பேர். எனக்கு உருப்படியாக ஒரு பந்துகூட வரவில்லை. ஒவ்வொரு வீச்சுக்கும் முழங்காலை மடக்கிக் குனிந்து நிற்பதும் நிமிர்வதுமாகவே போயிற்று. நாங்கள் ஜெயித்தோம். திரும்பி வருகிற பஸ்ஸில் சின்னமனூர் தாண்டியதும் அப்பா மெதுவாகக் கேட்டார்.

"ஏய்யா, அங்கன வெறுமனே குனிஞ்சு குனிஞ்சு நின்னியே, இடுப்பு வலிக்கலையா?"

இல்லை என்றேன். பந்து வந்தால்தான் வேலை, வராவிட்டாலும் நிற்கத்தான் வேண்டும் என்று விளக்கினேன். தலையை ஆட்டிக்கொண்டார். அவருக்கு ஏமாற்றமாக இருந்தது என்பது தெரிந்தது. அதற்குப் பிறகு எந்த மேட்சுக்கும் அவர் வரவில்லை. நான் ஓடிப் பிடித்து எறிந்த எத்தனையோ நல்ல நாட்களில் ஒன்றைக்கூட அவர் பார்க்கவில்லை.

காலேஜ் முடிந்ததும் நாங்கள் இருவரும் மாநில சீனியர் டீமில் இருந்தோம். மாநில டீம் என்றால் ஏதோ பெரிதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். ரயிலில் முன்பதிவில்லாத பெட்டியில் கிட் பைகள் மேல் உட்கார்ந்து வடக்கே போவோம். ஏதாவது ஒரு பள்ளிக்கூடத்தில் பெஞ்சுகளை ஒதுக்கித் தரையில் படுப்போம். காலையில் பனி விலகாத மைதானத்தில், இந்தப் பக்கம் ஒரு டீம், அந்தப் பக்கம் ஒரு டீம், நடுவில் அம்பயர். பார்க்க யாரும் இருக்க மாட்டார்கள். மாடு குறுக்கே வந்தால் ஆட்டத்தை நிறுத்துவோம். ஆனாலும் அந்த வருஷங்களில் நான் சந்தோஷமாக இருந்தேன். தரையோடு வருகிற ஒரு பந்தை ஓட்டத்திலேயே அள்ளி, அது கையில் இருக்கிறது என்று உணர்வதற்கு முன்னாலேயே எறிந்துவிடுகிற அந்த ஒரு நொடிக்காக என்ன வேண்டுமானாலும் செய்திருப்பேன். செய்யவும் செய்தேன்.

இந்திய டீமுக்கான கேம்புக்கு எங்கள் இருவருக்கும் அழைப்பு வந்தது. அவனால் போக முடியவில்லை. அந்த நேரம் பார்த்து அவன் அத்தாவுக்கு நெஞ்சுவலி வந்து மதுரையில் சேர்த்திருந்தார்கள். நான் மட்டும் போனேன். குளிர் காலம். வடக்கே ஒரு ஊரில் நாள் முழுக்கப் பயிற்சி. என்னைவிட ஒரு சாண் உயரமான பையன்கள் எல்லாம் வந்திருந்தார்கள். அவர்களில் பலரைவிட என் எறி வேகமாகப் போனது. கடைசி நாள் பெயர்களைப் படித்தார்கள். என் பெயர் இருந்தது. ஷார்ட்ஸ்டாப் என்று தனியாகச் சொல்லிப் படித்தார்கள். யூனிபார்முக்கு அளவு எடுத்தார்கள். வெளிநாட்டில் போட்டி.

அப்பாவுக்குப் போன் செய்து சொன்னேன். அவர் டீக்கடையில் போய், பையன் வெளிநாடு போகிறான் என்று சொல்லிவிட்டார். ஊரில் வெளிநாடு என்றால் துபாய், சவுதி, குவைத்துதான். நான் வந்து இறங்கியதும் எந்தக் கம்பெனி, என்ன விசா, எந்த ஏஜெண்ட் என்று ஆளாளுக்குக் கேட்டார்கள். விளையாடப் போகிறேன் என்று சொன்னேன். விளையாடவா என்று சிரித்தார்கள். ஆனால் நல்லவிதமாகத்தான் சிரித்தார்கள். ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் ஃபாதர் எனக்காகத் தனியாக ஜெபித்தார்.

நாங்கள் போகவில்லை. விளையாட்டை நடத்துகிற சங்கம் இரண்டாக உடைந்துவிட்டது. இரண்டு தரப்பும் தனித்தனியாக டீம் பட்டியல் அனுப்பினார்கள். எது அசல் என்று வெளிநாட்டில் போட்டியை நடத்தியவர்களுக்குத் தெரியாமல் இரண்டையுமே தள்ளிவிட்டார்கள் என்று பிற்பாடு கேள்விப்பட்டேன். யாரும் எனக்கு முறையாகத் தகவல் சொல்லவில்லை. நானே கேம்பில் இருந்த பையன்களுக்குப் போன் போட்டுப் போட்டுத்தான் தெரிந்துகொண்டேன். ஊரில் அதை எப்படி விளக்குவது? ஏஜெண்ட் ஏமாற்றிவிட்டான் என்று எல்லாரும் நினைத்துக்கொண்டார்கள். டீக்கடைக்காரர் அப்பாவிடம், "இப்பிடித்தான் நம்ம பயலுகள நம்ப வச்சுக் கழுத்தறுக்குறாக" என்று ஆறுதல் சொன்னாராம். அப்பா மறுத்துப் பேசவில்லை. ஏமாந்தவனின் தகப்பனாக இருப்பது அவருக்கு லேசாக இருந்திருக்கும். மற்றபடி என்ன நடந்தது என்று அவருக்கே விளங்கவில்லையே.

அடுத்த வருஷமும் ஆடினேன். இன்னும் நன்றாக ஆட வேண்டும், மறுபடியும் பெயர் வர வேண்டும் என்ற வெறி. கடலோரம் ஒரு ஊரில் மேட்ச். விடிகாலையில் மழை பெய்து விட்டிருந்தது. பந்து ஈரம் குடித்துக் கல் மாதிரி கனத்தது. மூன்றாவது பேஸ் பக்கம் வெகு பின்னால் போன ஒரு பந்தை ஓடிப்போய் எடுத்து, கால் ஊன்றாமல், உடம்பைத் திருப்பாமல், வெறும் தோளை வைத்து எறிந்தேன். அடித்தவன் அவுட். ஆனால் எறிகிறபோதே பழைய துணியைக் கிழிக்கிற மாதிரி ஒன்று தோளுக்குள்ளே கேட்டது. வெளியே கேட்டதா, எனக்கு மட்டும் கேட்டதா என்று தெரியவில்லை. இரண்டாவது பேஸிலிருந்து என் கூட்டாளி என்னையே பார்த்துக்கொண்டு நின்றான்.

நாட்டு வைத்தியசாலையில் கட்டுப் போட்டுப் பார்த்தேன். மதுரையில் ஸ்கேன் எடுத்தேன். ஆபரேஷன் செய்தாலும் பழையபடி எறிய முடியும் என்று சொல்வதற்கில்லை என்றார் டாக்டர். வேறு எதுவும் தொந்தரவு வராது, சாதாரண வேலைக்குப் போதும் என்றார். சாதாரண வேலை என்றால் என்ன என்று நான் கேட்கவில்லை. ஜன்னல் கம்பியில் ரப்பர் குழாயைக் கட்டி இழுத்து இழுத்துப் பார்த்தேன். ஓரளவுக்குக் கை வந்தது. ஷார்ட்ஸ்டாப்பிலிருந்து முதல் பேஸுக்கு எட்டுகிற கை வரவில்லை.

அந்தச் சமயத்தில்தான் என் கூட்டாளி ஆட்டத்தை விட்டான். அவன் அத்தாவுக்கு மறுபடியும் முடியாமல் போயிற்று. கடையைப் பார்க்க ஆள் வேண்டும், பெண்ணும் பார்த்துவிட்டார்கள். அவன் விடுகிற செய்தியைச் சொல்ல என் வீட்டுக்கு வந்தான். வாசலில் பைக்கை நிறுத்திவிட்டு, இறங்காமல் அதன் மேலேயே உட்கார்ந்திருந்தான்.

"செகண்ட் பேஸ் இனிமே காலிதான் மாப்ள. அங்கனயிருந்து எறியற தூரம் கம்மி. நீ அங்க வந்துரு."

"நீ நின்ன இடத்துலயா?"

"உனக்குத் தெரியாத இடமா அது?"

அப்படித்தான் நான் இரண்டாவது பேஸுக்கு வந்தேன். ஷார்ட்ஸ்டாப்பில் வேறொரு பையன் வந்தான். நல்ல பையன்தான். அவன் போட்ட பந்து ஒன்றும் நான் எதிர்பார்த்த இடத்துக்கு வரவில்லை. அவன் மேல் தப்பில்லை. கொஞ்ச வருஷத்தில் அந்தத் தூரத்துக்கும் என் கை போதாமல் போயிற்று. முதல் பேஸில் நிறுத்தினார்கள். அங்கே எறிய வேண்டியதில்லை, பிடித்தால் போதும். ஆனால் அது நெட்டையான ஆளுக்கு உண்டான இடம். தலைக்கு மேலே வந்த பந்தெல்லாம் என்னைத் தாண்டிப் போயிற்று. அப்புறம் பெஞ்ச்.

வேலைக்கும் முயற்சி செய்தேன். ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் ஒரு அலுவலகத்தில் கூப்பிட்டார்கள். என் சர்டிபிகேட்டுகளைப் பார்த்த அதிகாரி தன்மையான மனிதர். உட்காரச் சொல்லித் தண்ணீர் கொடுத்தார். சங்கம் உடைந்த வருஷங்களில் வாங்கிய சர்டிபிகேட் எதுவும் செல்லாது, அதற்கு முன்னால் உள்ளது எதிலும் பதக்கம் இல்லை, கணக்கில் வராது என்றார். நான் எழுந்தபோது, "கபடி ஆடியிருக்கலாமே தம்பி, தேனிக்காரங்கதானே நீங்க" என்றார். அக்கறையோடுதான் சொன்னார். பஸ் ஸ்டாண்ட் வரைக்கும் நடந்து வந்தேன். பஸ் ஏறவும் தோன்றாமல், வருகிற பஸ்ஸையெல்லாம் விட்டுவிட்டு உட்கார்ந்திருந்தேன்.

கம்பத்தில் ஒரு ஏலக்காய் ஸ்டோரில் வேலைக்குச் சேர்ந்தேன். கேரளத்து மலையிலிருந்து ஜீப்பில் வருகிற மூட்டைகளை இறக்கி, எடை போட்டு, தரம் பிரிக்கிற இடம். மூட்டையை அடுக்குகிற வேலையை என்னால் செய்ய முடியவில்லை. எடை பார்க்கிற இடத்தில் உட்கார வைத்தார்கள். கல்யாணம் அப்போதுதான் நடந்தது. என் மனைவி வருசநாட்டுப் பக்கம். கம்பத்தில் ஒரு ஜவுளிக்கடையில் பில் போடுகிற வேலை பார்த்தாள், இன்றும் அங்கேதான் இருக்கிறாள். கல்யாணமான பிறகும் வருஷத்துக்கு ஒருமுறை நேஷனல்ஸ் என்று சொல்லிவிட்டுப் போய்க்கொண்டிருந்தேன். ஆடுவதற்கு அல்ல. டீம் மானேஜர் என்னைக் கூட்டிப்போனதற்குக் காரணம், எனக்கு அரைகுறை இந்தி தெரியும், ரயிலில் இடம் பிடிக்கத் தெரியும், சோறு சரியில்லாவிட்டால் சமைக்கத் தெரியும். பட்டியலில் என் பெயரும் ஆட்டக்காரன் என்றே இருக்கும். அந்தப் பெயருக்காகத்தான் போனேன். மனைவி முதலில் இரண்டு மூன்று வருஷம் ஒன்றும் சொல்லவில்லை. அப்புறம் ஒருநாள், பையில் துணி அடுக்கிக்கொண்டே, நிதானமாக, "அங்கன போயி உக்காந்திருக்கத்தான போறீக. இங்கன உக்காந்தா என்ன?" என்று கேட்டாள். துணியை மட்டும் சரியாக மடித்து வைத்தாள். ஸ்டோரில் லீவு கேட்டதில் முதலாளிக்கும் எனக்கும் பேச்சு முற்றி, அந்த வருஷம் அந்த வேலையும் போயிற்று.

கடைசியாகப் போனது அந்தப் பயணம்தான். அதைச் சொல்ல எனக்கு வாய் வருவதில்லை. மனைவியிடம்கூட முழுதாகச் சொன்னதில்லை.

அரையிறுதி. பல வருஷங்களுக்குப் பிறகு எங்கள் டீம் அவ்வளவு தூரம் வந்திருந்தது. கடைசி இன்னிங்ஸ். நாங்கள் ஒரு ரன் முன்னால் இருந்தோம். எதிர் டீமில் இரண்டு பேர் அவுட், இன்னும் ஒருவன் அவுட்டானால் ஆட்டம் முடிந்தது. இரண்டாவது பேஸிலும் மூன்றாவது பேஸிலும் அவர்களுடைய ஆட்கள் நின்றார்கள். அந்த நேரத்தில் எங்கள் ஷார்ட்ஸ்டாப் பையனுக்குக் கணுக்கால் பிசகிவிட்டது. அவனைத் தாங்கிப் பிடித்து வெளியே கொண்டுவந்தார்கள். பெஞ்சில் உள்ள மாற்று ஆட்களை எல்லாம் ஏற்கெனவே இறக்கி முடித்திருந்தார்கள். மானேஜர் என்னைப் பார்த்தார்.

"அண்ணே, நீங்க நிக்கிறீகளா? ஒருத்தன்தான் பாக்கி" என்றது மதுரைக்காரப் பையன் ஒருவன். மானேஜர் வாயால் சொல்லவில்லை, கையைக் காட்டினார்.

போய் நின்றேன். ரொம்ப வருஷம் கழித்து அந்த இடம். குனிந்தபோது முழங்கால் சத்தம் போட்டது. பந்து என் பக்கம் வரக் கூடாது என்று வேண்டிக்கொண்டேன். ஒரு ஷார்ட்ஸ்டாப் வேண்டக் கூடாத வேண்டுதல் அது. சின்ன வயதில் ஒவ்வொரு வீச்சுக்கும் என்னிடம் வா, என்னிடம் வா என்றுதான் மனசுக்குள் சொல்லிக்கொண்டிருப்பேன்.

வந்தது. கஷ்டமான பந்துகூட இல்லை. நேராக, இரண்டு துள்ளு துள்ளி, நெஞ்சுக்கு நேரே வந்தது. பிடித்துவிட்டேன். கிளவுஸிலிருந்து கைக்கு மாற்றியதும் பழகிய மாதிரியே நடந்தது. அடித்தவன் பாதித் தூரம்கூட ஓடவில்லை. கால் ஊன்றி, உடம்பைத் திருப்பி, எல்லாவற்றையும் சரியாகச் செய்து எறிந்தேன். பந்து என் கையை விட்டுப் போகும்போதே தெரிந்துவிட்டது. பாதி வழியில் தரையில் விழுந்து, இன்னொரு முறை விழுந்து, உருண்டுகொண்டு போனது. முதல் பேஸில் நின்ற பையன் பேஸை விட்டு இறங்கி முன்னால் ஓடிவந்து அதைப் பொறுக்கினான். அதற்குள் எல்லாரும் ஓடி முடித்திருந்தார்கள். எதிர் டீம் பையன்கள் ஒருத்தன் மேல் ஒருத்தன் விழுந்து குதித்தார்கள்.

யாரும் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் பரவாயில்லை என்று தோன்றியது. மானேஜர் என் முதுகில் தட்டிவிட்டுப் போய்விட்டார். கணுக்கால் பிசகிய பையன் மட்டும் பெஞ்சில் துண்டால் முகத்தை மூடிக்கொண்டு அழுதுகொண்டிருந்தான். வேலைக்கு அந்தப் போட்டியின் பதக்கம் அவனுக்குத் தேவையாக இருந்தது. ரயிலில் இரண்டு நாள் வந்தோம். நான் கதவோரத்திலேயே உட்கார்ந்து வந்தேன். சாப்பாட்டுப் பொட்டலத்தை யாரோ என் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனார்கள்.

ஊருக்கு வந்து கொஞ்ச நாள் வீட்டிலேயே கிடந்தேன். வேறு வழியில்லாமல், அப்பா வேலை பார்க்கிற தோட்டத்துக்கே போனேன். அவர்தான் மேஸ்திரியிடம் சொல்லிச் சேர்த்துவிட்டார். எதை நான் செய்யக் கூடாது என்று நினைத்தாரோ அதற்கு அவரே கூட்டிப்போனார். ஆனால் அதுவும் என்னால் முடியவில்லை. கையைத் தலைக்கு மேலே தூக்கி ஒரு கொடியைக்கூடக் கட்ட முடியவில்லை. தூக்கினால் தோள் பாதியிலேயே நின்றுவிடுகிறது. அறுவடை நாளில் ஆண்கள் அண்ணாந்து கொத்து அறுப்பார்கள். நான் கீழே பெண்களோடு உட்கார்ந்து, அழுகின பழத்தைக் கத்திரியால் நறுக்கி எடுத்துவிட்டு, பெட்டியில் அடுக்குகிறேன். எழுபதைத் தாண்டிய அப்பா பக்கத்து வரிசையில் கை தூக்கி அறுத்துக்கொண்டிருப்பார். ஒருநாள் நான் மறைவாக நின்று கையைத் தூக்கிப் பார்த்ததை அவர் கவனித்துவிட்டார். கத்திரியை இடுப்பில் செருகிக்கொண்டு வந்து என் கையைப் பிடித்துக் கீழே இறக்கிவிட்டார்.

"விடுய்யா. நான் இருக்கேன்ல" என்றார்.

அன்றைக்குத்தான் எனக்கு அழுகை வந்தது. அந்த மேட்சில் வரவில்லை, ரயிலில் வரவில்லை.

வீட்டில் மனைவி குத்திக்காட்டுகிறவள் இல்லை. ஒருமுறை மட்டும், சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது, உண்மையாகவே தெரிந்துகொள்ள வேண்டும் என்பது போலக் கேட்டாள்.

"அத ஆடாம இருந்திருந்தா நீங்க என்னவா ஆகியிருப்பீக?"

ரொம்ப யோசித்தேன். ஆடாவிட்டால் காலேஜ் போயிருக்க மாட்டேன். பத்தாவதோடு அப்பாவுடன் தோட்டத்துக்கு வந்திருப்பேன். இதே தோட்டம்தான். கை மட்டும் இருந்திருக்கும். அதைச் சொன்னேன். அவள் எனக்கு இன்னும் கொஞ்சம் ரசம் ஊற்றினாள்.

போன அறுவடைக்கு என் பழைய கூட்டாளி தோட்டத்துக்கு வந்தான். மகள் கல்யாணத்துக்கு நேரே தோட்டத்திலேயே பழம் எடுக்கலாம் என்று யாரோ சொல்லி வந்தானாம். நான் இங்கே இருப்பது தெரியாது. தாடி வெளுத்து, வயிறு போட்டு, முதலாளி மாதிரி இருந்தான். கீழே பெண்களோடு உட்கார்ந்திருந்த என்னைப் பார்த்ததும் ஒரு நிமிஷம் அப்படியே நின்றுவிட்டான். அப்புறம் வேட்டியை மடித்துக்கொண்டு என் பக்கத்தில் காலியான பெட்டி ஒன்றைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்தான். நானும் எழவில்லை. குடும்பம், பிள்ளைகள், அவன் அத்தா இறந்தது எல்லாம் பேசினோம். அவனும் ஒரு பழக்கொத்தை எடுத்து வைத்துக்கொண்டு அழுகலைப் பொறுக்க ஆரம்பித்தான். நான் வேண்டாம் என்று சொல்லியும் விடவில்லை.

கொஞ்ச நேரம் கழித்து, கையில் இருந்ததைப் பார்த்தபடியே கேட்டான்.

"மாப்ள, நாம நெசமாவே நல்லாத்தான் ஆடுனோமா?"

நான் ஆமாம் என்று சொல்ல வாயெடுத்தேன். எங்களோடு மோதியவர்கள் எல்லாம் எங்களை மாதிரியே சாக்கிலிருந்து கொட்டிய கிளவுஸை மாட்டிக்கொண்டு வந்தவர்கள். பார்த்தவர் யாருமில்லை. படமாக எடுத்து வைத்தவரும் யாருமில்லை. வேறு ஊரில், வேறு நாட்டில் ஆடியிருந்தால் நாங்கள் யார் என்று தெரிந்திருக்கும். அல்லது ஒன்றுமே இல்லை என்று தெரிந்திருக்கும். இரண்டில் எது என்பது இனி எங்களுக்குத் தெரியப்போவதில்லை.

"யாரைக் கேக்கறது?" என்றேன்.

அவன் கொத்தைப் பெட்டியில் வைத்துவிட்டு எழுந்தான். பழப்பெட்டிகளை அவனுடைய வண்டியில் ஏற்ற வேண்டியிருந்தது. என்னால் தூக்க முடியாது என்று அவனுக்கு நான் சொல்லவில்லை, அவனும் கேட்கவில்லை. அவனே ஒவ்வொன்றாகத் தூக்கிக்கொண்டு போனான். கல்யாணத்துக்குக் கட்டாயம் வர வேண்டும் என்று சொல்லிவிட்டு வண்டியை எடுத்தான். மேஸ்திரி அடுத்த வரிசைக்குக் கூப்பிட்டார். பெண்கள் எழுந்து போய்க்கொண்டிருந்தார்கள். கத்திரியை எடுத்துக்கொண்டு நானும் போனேன்.